காய்ச்சலுக்கும் கேன்சலேஷன் சார்ஜா?

"எக்காரணம் கொண்டும் முன்பணம் திருப்பித் தரப்பட மாட்டாது."

திருச்சியில் லாட்ஜ், கல்யாண மண்டபம், டூர் வேன், சமையல் காண்ட்ராக்ட் என்று எதற்கு அட்வான்ஸ் கொடுத்தாலும் ரசீதின் அடியில் பொடி எழுத்தில் இப்படி ஒரு வரி இருக்க வாய்ப்பு அதிகம். பெரும்பாலானவர்கள் அதைப் படிப்பதே இல்லை. படித்தவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது. பக்கத்துக் கடைக்குப் போனால் அங்கேயும் அதே வரி, அதே பொடி எழுத்து!

அந்த 'எக்காரணம்' என்ற ஒரே வார்த்தைக்குள் எத்தனை பேர் அடங்கிவிடுகிறார்கள் பாருங்கள். மனசு மாறியவர், வேறு இடத்தில் மலிவாகக் கிடைத்தது என்று ஓடியவர், புக் பண்ணியதையே மறந்து போனவர்... இவர்களோடு டெங்கு வந்து டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டு படுத்திருப்பவரும் அதே வரிசையில் நிற்கிறார். நால்வருக்கும் ஒரே பதில்தான்: பணம் வராது. இது நியாயமா?

உணர்ச்சிவசப்படுவதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கு. காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது ஒரு மார்க் கேள்வி.

மார்கழியில் ஸ்ரீரங்கம் எப்படி இருக்கும் என்று திருச்சிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: பகல் பத்து, ராப்பத்து என்று வைகுண்ட ஏகாதசி உற்சவம் மூன்று வாரம் நடக்கும். சொர்க்கவாசல் திறக்கும் நாளை ஒட்டி ராஜகோபுரம் பக்கமும் அம்மா மண்டபம் ரோட்டிலும் ஒரு ரூம் கிடைப்பது குதிரைக் கொம்பு. வெளியூர்க் குடும்பம் ஒன்று இரண்டு நாளுக்கு ரூம் போடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாள் வாடகை 2,000 ரூபாய். மொத்தம் 4,000 ரூபாயை முன்கூட்டியே கட்டியாகிவிட்டது. நாலு நாள் முன்னால் பாட்டிக்குக் காய்ச்சல். ரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் குறைந்திருக்கிறது, ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். பையன் லாட்ஜுக்கு போன் பண்ணுகிறான். "ரூல்ஸ் அப்படி சார், எங்க கையில ஒண்ணும் இல்ல, ஓனர்கிட்டதான் பேசணும்" என்று பதில் வருகிறது. ஓனர் போனை எடுப்பதில்லை.

அன்று சாயங்காலமே அந்த ரூம் வேறொரு குடும்பத்துக்குப் போய்விடுகிறது. இந்த முறை திருவிழா ரேட், நாளுக்கு 3,000.

இப்போது கூட்டிப் பாருங்கள். பாட்டி நன்றாக இருந்திருந்தால் லாட்ஜுக்குக் கிடைத்திருக்கக் கூடியது 4,000. பாட்டிக்குக் காய்ச்சல் வந்ததால் கிடைத்தது 10,000. ஒரு ரூம், இரண்டு ராத்திரி, இரண்டு வாடகை! வாடிக்கையாளர் நோயில் படுத்ததால் கடைக்கு வந்தது நஷ்டம் இல்லை, ஆறாயிரம் ரூபாய் லாபம். இதற்குப் பெயர் கேன்சலேஷன் சார்ஜா?

"அதுதானே சார் பிசினஸ், அட்வான்ஸ் வாங்கினா வாங்கினதுதான்" என்று ஒரு குரல் கேட்கும். அந்தக் குரலுக்கு முதல் வருட அக்கவுன்ட்ஸ் புத்தகமே பதில் சொல்லும். வாடிக்கையாளரிடம் வாங்கிய அட்வான்ஸ் பேலன்ஸ் ஷீட்டில் எந்தப் பக்கம் வரும்? பொறுப்புகள் பக்கம். சேவை செய்து முடிக்கும் வரை அது கடைக்காரரின் வருமானமே கிடையாது, கடன். சேவையும் செய்யாமல், நஷ்டமும் படாமல், அந்தக் கடனை ஒரே நாளில் வருமானமாக மாற்றிக்கொள்வது எந்தக் கணக்கு முறை?

சரி, கடைக்காரர் பக்கமும் பார்க்க வேண்டும். அவர்கள் எல்லோரும் வில்லன்கள் இல்லை. சமையல்காரர் ஒருவர் 300 பேர் விருந்துக்கு ஒத்துக்கொள்கிறார். விடிகாலையில் காந்தி மார்க்கெட்டுக்குப் போய்க் காய்கறியும் வாழை இலையும் வாங்கிப் போட்டுவிட்டார். கூட வரும் எட்டுப் பேருக்கும் கூலி பேசியாகிவிட்டது. காலை ஏழு மணிக்கு "மாப்பிள்ளையோட அப்பாவுக்கு நெஞ்சு வலி, எல்லாம் நிறுத்தியாச்சு" என்று போன் வந்தால் அவர் என்ன செய்வார்? வெட்டிய பூசணிக்காயைத் திருப்பிக் கொடுக்க முடியுமா? அந்த எட்டுப் பேர் அன்றைக்கு வேறு வேலைக்கும் போக முடியாது. அவருக்குப் பணம் கொடுத்துத்தான் ஆக வேண்டும். நெஞ்சு வலி அவர் வரவழைத்தது இல்லையே.

ஆக, இரண்டு கேஸிலும் வாடிக்கையாளர் வீட்டில் நோய் நிஜம். ஆனால் சமையல்காரருக்கு நஷ்டமும் நிஜம், லாட்ஜுக்கு நஷ்டமே இல்லை. விஷயமே இங்கேதான் இருக்கிறது. 'வாடிக்கையாளர் நிஜமாகவே நோயாளியா?' என்று ஊரே விவாதம் பண்ணிக்கொண்டிருக்கிறது. கேட்க வேண்டிய கேள்வி வேறு: கடைக்கு நிஜமாகவே எவ்வளவு நஷ்டம்?

இது புதிய புரட்சிக் கருத்து ஒன்றும் இல்லை. 1872-ல் வெள்ளைக்காரன் காலத்தில் போட்ட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவு இதைத்தான் சொல்கிறது. ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு தொகை என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தாலும், அந்தத் தொகையைத் தாண்டாமல் 'நியாயமான இழப்பீடு' மட்டுமே வாங்கலாம். எழுதி வைத்த தொகை என்பது உச்சவரம்பு. முழுதாக எடுத்துக்கொள்ளக் கொடுத்த லைசென்ஸ் இல்லை. பி.காம். படிக்கும் எல்லோரும் மெர்க்கண்டைல் லா பேப்பரில் இதை மனப்பாடம் பண்ணி எழுதிவிட்டு வெளியே வந்து, 'முன்பணம் திருப்பித் தரப்பட மாட்டாது' என்ற ரசீதில் கையெழுத்தும் போடுகிறார்கள்!

இந்தப் பிரிவைக் கோர்ட் எப்படிப் பயன்படுத்தியிருக்கிறது? மௌலா பக்ஷ் வழக்கு என்று ஒன்று உண்டு. ராணுவத்துக்கு உருளைக்கிழங்கும், கோழி, முட்டை, மீனும் சப்ளை செய்ய ஒத்துக்கொண்ட காண்ட்ராக்டர் ஒழுங்காகக் கொடுக்கவில்லை. அரசாங்கம் அவர் கட்டியிருந்த டெபாசிட் 10,000, 8,500 இரண்டையும் எடுத்துக்கொண்டது. 1969-ல் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? உருளைக்கிழங்கை வேறு இடத்தில் வாங்கியிருந்தால் எவ்வளவு கூடுதல் செலவு என்று காட்டலாமே, அதைக் காட்டாமல் டெபாசிட்டை வைத்துக்கொள்ள முடியாது என்றது. தப்புப் பண்ணியது காண்ட்ராக்டர். அப்படியும் பணம் திரும்பியது.

2015 ஜனவரியில் வந்த கைலாஷ் நாத் தீர்ப்பு இன்னும் பொருத்தம். டில்லி வளர்ச்சி ஆணையம் 1982-ல் ஒரு மனையை 3.12 கோடிக்கு ஏலம் விட்டது. ஏலம் எடுத்தவர் கட்டிய 78 லட்சத்தைப் பின்னால் பறிமுதல் செய்தது. அதே மனையை 1994-ல் 11.78 கோடிக்கு மறுபடி ஏலம் விட்டது. நஷ்டமே இல்லாத இடத்தில் பறிமுதல் எதற்கு என்பது தீர்ப்பின் முக்கியமான காரணங்களில் ஒன்று. 78 லட்சத்தை வட்டியோடு திருப்பித் தரச் சொன்னது கோர்ட். ஸ்ரீரங்கத்து ரூம் கதையும் டில்லி மனைக் கதையும் ஒன்றுதான், பூஜ்யங்கள்தான் வித்தியாசம். 78 லட்சம் போனவர் உச்ச நீதிமன்றம் வரை போவார். 4,000 போனவர் தலையில் அடித்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். அந்த தைரியத்தில்தான் அந்தப் பொடி எழுத்து வரி உயிரோடு இருக்கிறது.

நோய் யாருக்கு வருகிறது என்பதைப் பொறுத்தும் நியாயம் மாறுகிறது. ஒப்பந்தச் சட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது. அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு கச்சேரிக்கு ஒத்துக்கொண்ட பாடகருக்கு உடம்பு சரியில்லாமல் போனால், வாங்கிய 1,000 ரூபாயைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆனால் ஏற்பாட்டாளரின் லாபம் போனதற்கு நஷ்டஈடு தர வேண்டியதில்லை. அதாவது பாடகருக்குத் தண்டனை கிடையாது, நோய் யார் கையிலும் இல்லை என்று சட்டம் ஒத்துக்கொள்கிறது. நல்லது. ஆனால் காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவருக்குக் காய்ச்சல் வந்தால்?

ராஜாவுக்கு வந்தால் இன்னும் வசதி. 1902 ஜூன் 26-ல் லண்டனில் ஏழாம் எட்வர்டுக்கு முடிசூட்டு விழா. ஊர்வலத்தைப் பார்ப்பதற்காகவே ஹென்றி என்பவர் பால் மால் தெருவில் இரண்டு நாளுக்கு ஒரு வீட்டை 75 பவுனுக்குப் பேசி 25 பவுன் முன்பணமும் கொடுத்தார். ஜூன் 24-ல் ராஜாவுக்குக் குடல்வால் ஆபரேஷன், விழா தள்ளிப் போனது. வீட்டுக்காரர் கிரெல் பாக்கி 50 பவுனைக் கேட்டுக் கோர்ட்டுக்குப் போனார். ஊர்வலமே இல்லை என்றான பிறகு பாக்கியைத் தர வேண்டியதில்லை என்று 1903-ல் தீர்ப்பானது. அதே ஹென்றிக்குக் குடல்வால் வீங்கி, ஊர்வலம் ஒழுங்காக நடந்திருந்தால்? 75 பவுனும் போயிருக்கும்! நோய் அதே நோய்தான். ராஜாவுக்கு வந்தால் ஒப்பந்தமே கலைகிறது, குடிமகனுக்கு வந்தால் அவன் காசுதான் கரைகிறது.

"அப்படியென்றால் நோய் என்று எல்லோரும் பொய் சொல்வார்களே?" என்பது அடுத்த கேள்வி. நியாயமான பயம். இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் வைத்தியம், மெடிக்கல் சர்டிபிகேட் கேளுங்கள் என்பது. இது வியாதியை விட மோசமான வைத்தியம். சாதாரண வைரஸ் காய்ச்சலுக்குக் கஷாயமும் பாராசிட்டமாலும் போட்டுக்கொண்டு வீட்டில் படுப்பவர், 600 ரூபாயை மீட்பதற்காக 300 ரூபாய் ஃபீஸ் கட்டி டாக்டரைப் பார்க்க வேண்டுமா? நிஜமாக முடியாதவர் சர்டிபிகேட் வாங்கப் போக மாட்டார். சும்மா இருப்பவர் எப்படியாவது வாங்கி வந்துவிடுவார். அதற்கு மேல், தனக்கு என்ன வியாதி என்று ஒரு பெண் லாட்ஜ் கவுண்டரில் பேப்பர் நீட்டி நிரூபிக்க வேண்டுமா என்ன?

நோய்க்கு சர்டிபிகேட் கேட்காதீர்கள், நஷ்டத்துக்குக் கணக்குக் காட்டுங்கள். ரூம் மறுபடி விற்றதா இல்லையா என்பது ரிஜிஸ்டரில் இருக்கிறது. அதில் பொய் சொல்ல வாடிக்கையாளருக்கு வழியே இல்லை. காரணமே கேட்கப்போவதில்லை என்றால் பொய் எதற்கு? மனசு மாறியவருக்கும் பணம் திரும்பப் போகுமே என்றால், போகட்டுமே. விற்றுவிட்ட ரூமுக்கு அவரிடமும் எதற்கு வாடகை?

பெரிய நிறுவனங்கள் எப்படிச் செய்கின்றன? ரயில்வே தேவலாம் என்று சொல்லலாம், பாதி அளவுக்கு. 2015 நவம்பர் 12 முதல் அமலுக்கு வந்த விதிகள் உறுதியான டிக்கெட்டுக்குப் படிப்படியாக வைத்தன: 48 மணி நேரத்துக்கு முன்னால் ரத்து செய்தால் ஸ்லீப்பருக்கு 120 ரூபாய், மூன்றாம் ஏ.சி.க்கு 180. அதற்குப் பின் 12 மணி நேரம் வரை கால் பங்கு, 4 மணி நேரம் வரை பாதி, அதற்கப்புறம் நாமம். எல்லோருக்கும் தெரியும்படி எழுதி வைத்திருக்கிறார்கள் என்பது நல்ல விஷயம். ஆனால் தீபாவளி, பொங்கல் சமயத்தில் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ஒரு பெர்த் காலியானால் ஆர்.ஏ.சி.யிலும் வெயிட்டிங் லிஸ்டிலும் இருப்பவர்கள் நிரப்பிவிடுவார்கள். பெர்த் காலியாகப் போவதில்லை. அப்புறம் பாதிப் பணம் எந்த நஷ்டத்துக்கு?

பலருக்குத் தெரியாத ஒன்று: உறுதியான டிக்கெட்டை அப்பா, அம்மா, அண்ணன், தம்பி, அக்கா, தங்கை, மகன், மகள், கணவன், மனைவி ஆகியோரில் ஒருவர் பெயருக்கு மாற்றலாம். ரயில் கிளம்ப 24 மணி நேரத்துக்கு முன் ரிசர்வேஷன் அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். உடம்பு முடியாதவருக்கு இது பெரிய உதவி, கடைக்கும் ஒரு பைசா நஷ்டம் இல்லை. இதை ஏன் ஆம்னி பஸ்களும் டூர் ஆபரேட்டர்களும் காப்பியடிக்கக் கூடாது? (நல்லதைக் காப்பியடிக்க மட்டும் யாருக்கும் மனசு வருவதில்லை...)

டிக்கெட் எடுக்கும்போது சில பைசாவுக்கு ஐ.ஆர்.சி.டி.சி. தரும் இன்சூரன்ஸ் இருக்கிறதே என்பார்கள். அது ரயில் விபத்துக்கு. காய்ச்சலுக்கு இல்லை.

விமானத்தில் 2016 ஆகஸ்டில் ஒரு வரம்பு வந்தது. ரத்துக் கட்டணம் அடிப்படைக் கட்டணத்தையும் எரிபொருள் கட்டணத்தையும் சேர்த்த தொகையைத் தாண்டக் கூடாது, வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தர வேண்டும் என்று டி.ஜி.சி.ஏ. சொன்னது. திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கோ கோலாலம்பூருக்கோ டிக்கெட் போட்டுவிட்டுப் போக முடியாமல் போனவர்களில் எத்தனை பேர் அந்த வரியைக் கேட்டு வாங்கியிருப்பார்கள்? 2025 நவம்பரில் அதே அமைப்பு வெளியிட்ட வரைவில், மருத்துவ அவசரத்தால் ரத்து செய்தால் விமான நிறுவனம் பணத்தைத் தரலாம், அல்லது அடுத்த பயணத்துக்கு வரவு வைக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். கவனியுங்கள், 'தரலாம்'. தமிழில் இந்த 'லாம்' இருக்கிறதே, அதற்குத் தராமலும் இருக்கலாம் என்றும் அர்த்தம்.

அரசாங்கம் மட்டும் சும்மா இருக்கிறதா? 2022 ஆகஸ்ட் 3-ல் வந்த ஜி.எஸ்.டி. சுற்றறிக்கை ரத்துக் கட்டணத்துக்கும் வரி உண்டு என்று தெளிவாக்கியது. காரணம் என்ன தெரியுமா? ரத்து செய்ய அனுமதிப்பதும் ஒரு 'சேவை'யாம்! ஏ.சி. பெட்டி டிக்கெட்டுக்கு என்ன வரியோ அதே வரி அதை ரத்து செய்வதற்கும். காய்ச்சலில் கிடப்பவர் போகாத பயணத்துக்குக் கட்டணமும் கட்டி, போகாமல் இருந்த சேவைக்கு வரியும் கட்டுகிறார்.

இதில் அவரவர் பர்ஸைத் தாண்டிய விஷயம் ஒன்றும் இருக்கிறது. பணம் போய்விடும் என்றால் மனிதர்கள் என்ன செய்வார்கள்? மாத்திரை போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். 102 டிகிரி காய்ச்சலோடு ஏ.சி. பஸ்ஸில் முப்பது பேரோடு ராத்திரி முழுக்க இருமிக்கொண்டு வருவார்கள். விடிந்ததும் வரிசையில் நிற்பார்கள். 2020-க்குப் பிறகும் இதன் ஆபத்தை விளக்கிச் சொல்ல வேண்டுமா? 'உடம்பு சரியில்லையா, வீட்டிலேயே இருங்கள்' என்று போஸ்டர் ஒட்டிவிட்டு, வீட்டில் இருப்பவருக்கு அபராதம் போடுவது என்ன புத்திசாலித்தனம்? அதே 2020 அக்டோபர் 1-ல், ஊரடங்குக் காலத்துக்கு அந்தக் காலத்திலேயே எடுத்த விமான டிக்கெட்டுகளுக்கு ரத்துக் கட்டணம் பிடிக்காமல் பணத்தைத் திருப்பித் தர உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நாட்டுக்கே நோய் வந்தால் முடிகிறது. ஒரு வீட்டுக்கு வந்தால் ஏன் முடியாது?

சட்டம் இல்லாமல் இல்லை. 2020 ஜூலையில் அமலுக்கு வந்த 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று ஒன்றை வரையறுத்திருக்கிறது. அடைந்த நஷ்டத்துக்குச் சம்பந்தமே இல்லாத அளவுக்கு அபராதம் போடும் ஒப்பந்தமும் அதில் வரும். நம் பொடி எழுத்து வரிக்கென்றே அளந்து தைத்த சட்டை மாதிரி! ஆனால் வாசல் எங்கே இருக்கிறது? 'இந்த ஒப்பந்தமே நியாயமற்றது' என்று வழக்குப் போட வேண்டுமானால் மாவட்ட ஆணையத்துக்கு அந்த அதிகாரம் கிடையாது, மாநில ஆணையத்துக்குத்தான். அது சென்னையில் இருக்கிறது, மதுரையில் ஒரு பெஞ்ச். திருச்சி மாவட்ட ஆணையத்தில் 'சேவைக் குறைபாடு' என்று போடலாம், 5 லட்சம் வரை கட்டணமும் கிடையாது, ஆன்லைனிலும் போடலாம். 1915-க்கு போன் பண்ணிப் புகாரும் சொல்லலாம். செய்யத்தான் வேண்டும். ஆனால் அந்த வரியே தப்பு என்று அடிப்பதற்கு 4,000 ரூபாய்க்காரர் மாநில அளவுக்குப் போக வேண்டும் என்றால், சட்டத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியது போலத்தான். அந்த அதிகாரத்தை மாவட்ட ஆணையத்துக்குக் கொடுக்க வேண்டும்.

அதுவரை கடைக்காரர்கள் செய்யக்கூடியது ரொம்ப எளிது:

1. ரத்து செய்த இடம் மறுபடி விற்றுவிட்டால், கையாள்வதற்கான சிறு தொகை போக மீதி முழுவதும் திரும்ப வேண்டும்.

2. விற்கவில்லை என்றால், செலவான தொகையும் நிஜமாக இழந்த வருமானமும் மட்டும். கணக்கை எழுதிக் காட்ட வேண்டும். சமையல்காரர் மார்க்கெட் சீட்டைக் காட்டுவது போல.

3. வாடிக்கையாளர் கேட்டால் வேறு தேதிக்கோ வீட்டில் வேறு ஒருவர் பெயருக்கோ ஒரு முறை இலவசமாக மாற்றித் தர வேண்டும்.

வாடிக்கையாளருக்கும் ஒரு கடமை உண்டு. வர முடியாது என்று தெரிந்த நிமிடமே சொல்லிவிட வேண்டும். கடைசி நிமிடம் வரை இழுத்தால் ரூமை யாருக்கும் விற்க முடியாது, அந்த நஷ்டம் அவரைச் சேர்ந்ததுதான். சொல்லாமலே இருந்துவிட்டு அப்புறம் சண்டைக்குப் போவது எந்த வகையிலும் சரியில்லை.

இதைப் படிக்கும் காமர்ஸ் மாணவர்களில் பலர் நாளைக்கு அப்பாவின் கடைக் கல்லாவில் உட்காரப் போகிறவர்கள், ஆடிட்டர் ஆபீஸில் பில் சரிபார்க்கப் போகிறவர்கள், ஏதோ ஒரு கம்பெனிக்கு 'விதிமுறைகளும் நிபந்தனைகளும்' டைப் அடிக்கப் போகிறவர்கள். ரசீதுப் புத்தகம் அச்சடிக்கக் கொடுக்கும்போது பழைய வரியை அப்படியே கொடுத்துவிடாதீர்கள். இப்படிக் கொடுங்கள்: "ரத்து செய்தால் எங்களுக்கு ஏற்பட்ட நஷ்டம் மட்டும் கழிக்கப்படும், மீதி திருப்பித் தரப்படும்." பழைய வரியை விட நீளமும் அதிகமில்லை. ஒரே நிபந்தனை, கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள்.